வெங்காய லாரியில் வந்த கப்பல்

முகம்மது கனியின் மனைவி நஜ்முன்னிசாவுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். பெயர் நீலவேணி. சரக்குக் கப்பல். அதில் சமையல்காரராக ஏறிய நாளிலிருந்து கனிக்கு வருஷத்தில் பத்து மாசம் அவளோடு, மிச்சம்தான் திருச்சி. நிலக்கரி, கோதுமை, உரம் என்று கொடுத்ததையெல்லாம் முனகிக்கொண்டே சுமந்தாள் நீலவேணி. ஆனால் பொறாமைக்காரி. துறைமுகத்திலிருந்து கனி மனைவியோடு போனில் பேச ஆரம்பித்தால் போதும், புறப்படுகிறேன் என்று ஊதுவாள். "சரி, போயிட்டு..." என்று நஜ்முன்னிசா சொல்வது பாதியிலேயே அறுந்துபோகும்.

கடைசியில் துருப்பிடித்தவளை குஜராத் கடற்கரை மணலில் ஏற்றி, கூறுபோட்டு விற்றுவிட்டார்கள். கனியும் ஓய்வு பெற்றார். பெற்றவர் சும்மா வந்தாரா? கப்பலின் ஹாரனை விலைக்கு வாங்கி, காந்தி மார்க்கெட்டுக்கு வரும் வெங்காய லாரியில் மூட்டைகளுக்கு நடுவே திணித்து அனுப்பிவைத்தார். அது வந்து பாதி ஹாலை அடைத்துக்கொண்டது. வீடெல்லாம் வெங்காய வாடை.

"நோன்புப் பெருநாளைக்குள்ள இது எதுக்காவது உதவணும். இல்லேன்னா பழைய இரும்புக் கடைதான்" என்றாள் நஜ்முன்னிசா. சொன்னால் செய்கிறவள். கனி ஹாரனைத் தடவிக்கொடுத்தார். அவ்வளவு பெரிய கப்பலில் வெட்டுப்படாமல் மிஞ்சியது இது ஒன்றுதான்.

அல்லாஹ் வழிவிட்டான். ரம்ஜான் பாதியில் பள்ளிவாசல் சைரன் புகைந்துபோனது. அந்தத் தெருவே நோன்பு திறப்பது சைரனைக் கேட்டுத்தான். கனி, கமிட்டிச் செயலாளர் அப்துல் அஹதிடம் ஓடினார்.

"இது ஊதுமா பாய்?"

"நடுக்கடல்ல மைல் கணக்குல கேட்டிருக்கு."

"எங்க, ஒரு தடவை ஊதிக் காட்டுங்க."

அங்கேதான் சிக்கல். பகலில் ஊதினால் தெருவே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிடும். ராத்திரியில் ஊதினால், விடியலுக்கு முன் சாப்பிடும் ஸஹர் நேரம் முடிந்துவிட்டதென்று ஊரே அலறியடித்து எழுந்திருக்கும். ஒத்திகையே பார்க்க முடியாத வாத்தியம். நேரே கச்சேரிதான்.

மறுநாள் அந்தி. ஹாரன் கனியின் மொட்டை மாடியில் ஏறியது. பஞ்சர் கடை மதுரைவீரன் கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பாய், லாரி டயருக்கு மேல நான் காத்தடிச்சதில்ல. வெடிச்சா என்னைக் கேக்காதீங்க" என்று தள்ளி நின்றுகொண்டான். அப்துல் அஹத் ஹாரனுக்கு எதிரே நின்று கடிகாரத்தைப் பார்த்தார். நஜ்முன்னிசா கஞ்சிக் கோப்பையோடு வந்து நின்றாள்.

நேரம் வந்தது. கனி பிஸ்மில்லா சொல்லி வால்வைத் திறந்தார்.

புஸ்ஸ்ஸ். ஒரு படி வெங்காயச் சருகு பறந்து செயலாளரின் தாடியில் ஒட்டியது. அவ்வளவுதான்.

"புது சைரனுக்குச் சொல்லிடறேன்" என்றார் அப்துல் அஹத், தாடியைத் தட்டிக்கொண்டே. கனி மனைவியைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. வால்வை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார்.

அப்போது ஊதினாள் நீலவேணி. மாடி அதிர்ந்தது, ஜன்னல்கள் நடுங்கின. மார்க்கெட் ரோட்டில் லாரிகள், பின்னால் ஏதோ பெரிய வண்டி வருகிறதென்று ஓரம் ஒதுங்கின. வால்வு சிக்கிக்கொண்டதால், காற்று தீரும்வரை ஊதித் தீர்த்துவிட்டுத்தான் அடங்கினாள்.

தெரு முழுக்க நோன்பு திறந்தாயிற்று. கனி மட்டும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார்.

"சரி, போயிட்டு வாங்க."

நஜ்முன்னிசாதான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் கணவர் எதிரிலேயே நிற்பது தெரிந்து திகைத்தாள். அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கனி முழுசாகக் கேட்டார்.

"எங்க போறது நஜ்மு? அதான் வெட்டிட்டாங்களே."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பையை நீட்டினாள்.

"அப்ப கஞ்சியைக் குடிங்க. நாளைக்கு அவ தொண்டையை நல்லாக் கழுவணும். ஒரே வெங்காயம்."