பொதுச் சேனல்

மலைச்சரிவில் இருந்த அந்த வீடுகளுக்கு கைப்பேசி சிக்னல் எட்டாது. ஃபிரிட்ஜ் மெக்கானிக்தான் அதற்கு வழி கண்டுபிடித்தார். உள்ளங்கையில் அடங்கும் ரேடியோப் பெட்டிகளை வரவழைத்து, கூரைக்குக் கூரை ஆன்டெனா கட்டிக் கொடுத்தார். ஒரு வீட்டில் பெட்டியோடு இணைத்த கைப்பேசியில் தட்டிய செய்தி பக்கத்து வீட்டுப் பெட்டிக்குத் தாவி, அங்கிருந்து அடுத்ததற்குத் தாவி, சரிவு முழுக்கப் போய்விடும். டவரும் வேண்டாம், இணையமும் வேண்டாம். தண்ணீர் வந்துவிட்டதா, யார் கேட்டைத் திறந்து போட்டது, எல்லாம் எல்லாரும் படிக்கும் அந்தப் பொதுச் சேனலில்தான்.

அதிகம் எழுதியவர் மெக்கானிக்கின் அப்பா. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், உச்சி வீட்டில் தனியாக இருந்தார். காது மந்தம். அவர் பேசினால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்பதால் ‘ஹாரன்’ என்று பட்டப்பெயர். எழுத்தில் பேசலாம் என்றானதும் மனுஷனுக்குப் புது உயிர் வந்துவிட்டது. அவரும் கீழ்வீட்டுத் தச்சரும் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். நீ செய்த கதவு சாத்த மாட்டேன் என்கிறது என்று இவர் எழுதினால், கதவு நேராகத்தான் இருக்கிறது, உங்கள் வீடுதான் சாய்ந்திருக்கிறது என்று அவர் எழுதுவார். மெக்கானிக் வீட்டில் மருமகள் அதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

மெக்கானிக்கின் தங்கை தொலைவில் ஒரு நகரத்தில் நர்ஸ். மெக்கானிக் வீட்டுக்கு மட்டும் மனைவியின் வேலைக்காக இணைய கேபிள் வந்திருந்தது. அப்பா இறங்கி வந்து அங்கிருந்து மகளோடு பேசினாலும் பாதி காதில் விழாது. “சாப்டியாம்மா?” என்று கேட்பார், பதில் வருவதற்குள் “சரி, வெச்சிடறேன்” என்பார்.

தன் ரேடியோப் பெட்டியை வீட்டு வைஃபையோடு இணைத்துவிட்டால் தங்கை அங்கிருந்தே அப்பாவுக்கு எழுதலாமே என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துவிட்டார். அவர்கள் இருவருக்கும் தனிச் சேனல் வைக்க வேண்டுமென்றால் மேலே போய் அப்பாவின் பெட்டியையும் மாற்ற வேண்டும். மழை விடவில்லை. இப்போதைக்குப் பொதுச் சேனலையே திறந்துவிட்டார். சரிவில் யார் என்ன எழுதினாலும் தங்கையின் கைப்பேசிக்குப் போகும். மற்றவர்களிடம் சொல்லிவிட்டீர்களா என்று மனைவி கேட்டாள். சொல்லிக்கலாம் என்றார். மகளின் பெயரைத் திடீரென்று பார்த்து அப்பா திகைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதனால், நான் சொல்கிறவரை எதுவும் எழுதாதே என்று தங்கையிடம் சொல்லி வைத்தார்.

அந்த வாரம் மின்சாரம் ஏறி இறங்கி ஊரெல்லாம் ஃபிரிட்ஜ் பழுது. மெக்கானிக்குக்குத் தலை சொறிய நேரமில்லை. ஒரு நாள் அவர் கடைத்தெருவில் வேலையில் இருந்தபோது அப்பா சேனலில் எழுதினார்: “நேத்தும் நெஞ்சை அடைச்சுது. யாரும் என் பொண்ணுகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. வெளிநாட்டு வேலை கைக்கு வர்ற நேரம். தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா.”

சாயங்காலம் வீடு திரும்பிய பிறகுதான் மெக்கானிக் அதைப் பார்த்தார். தங்கை அதற்குள் பஸ் ஏறியிருந்தாள்.

மறுநாளே அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ரத்தக்குழாயில் அடைப்பு. தள்ளிப் போட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். சிகிச்சை முடிந்து அப்பா தேறினார். வெளிநாட்டு வேலைக்கான நேர்முகம் அந்த நாட்களில் கடந்து போயிற்று. அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

உனக்கு எப்படித் தெரிந்தது என்று அப்பா அவளைத்தான் கேட்டார். மெக்கானிக் பதில் சொன்னார். ஹாரன் என்று பெயர் வாங்கிய மனிதர் அன்று மெதுவாகப் பேசினார்.

“நாலு சுவத்துக்குள்ள பேசறேன்னு நெனச்சுப் பேசினேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே இணைப்பைப் போடச் சொல்லியிருப்பேன்டா.”

மெக்கானிக் தலை குனிந்து நின்றார். உயிர் பிழைத்ததே அதனால்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

இணைப்பைத் துண்டித்துவிட்டு வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னார். யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. நடுவீட்டு டீச்சர் மட்டும், அந்த வாரம் தன் வீட்டுக்காரரைப் பற்றி என்னென்ன எழுதினோம் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு தன் ரேடியோப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து மெக்கானிக் முன்னால் மேசைமேல் வைத்தார்.

“உங்க தங்கச்சி தங்கமான பொண்ணு. அதுக்கில்ல,” என்றார். மெக்கானிக் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதன் பிறகு சேனலில் ‘தண்ணி வந்துடுச்சு’ என்பதைத் தாண்டி எதுவும் வருவதில்லை. தச்சர் சில நாள் வலிய வம்புக்கு இழுத்துப் பார்த்தார். அப்பா பதில் போடவில்லை.

தங்கை பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து அப்பாவோடு தங்கிவிட்டாள். ஒருநாள் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, என்மேல் கோபமா என்று மெக்கானிக் கேட்டேவிட்டார்.

“அப்பா இருக்கார்ல, அது போதும்ணா,” என்றாள். போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். “ஆனா அந்த ஒரு வாரம் அவரும் தச்சர் மாமாவும் அடிச்ச கூத்தைப் படிச்சேன் பாரு. டியூட்டி ரூம்ல சிரிப்பை அடக்க முடியல. நம்ம அப்பா இப்படியெல்லாம் பேசுவார்னு எனக்குத் தெரியவே தெரியாது. இப்ப ஒரே வீட்ல இருக்கோம். சாப்டியான்னு கேக்கறார், போய்ப் படுத்துக்கறார்.”

வாளியில் மிச்சமிருந்த துணியை மெக்கானிக் எடுத்துக் கொடுத்தார்.