இறங்காத நட்சத்திரம்

எங்கள் பனியன் கம்பெனியில் கிறிஸ்துமஸ் ஆடி மாதமே முடிந்துவிடும். வியர்வை ஒழுகக் கலைமான் படம் போட்ட பனியன்களைச் செக்கிங் பார்த்து, பெட்டி கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவோம். மார்கழியில் வீட்டுக்கு வருவது மிச்சம் மீதிதான். அதற்கும் என் வீட்டுக்காரர் டேனியல் வாசல் ஆணியில் நட்சத்திரம் மாட்டுவார். போகியன்று அதை இறக்கிவிட்டு, அதே ஆணியில் என் மாமனார் காப்புக் கட்டுவார். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்த கொத்து. கூரைக்கும் அதன் கீழே இருப்பவர்களுக்கும் காவல். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போன மனுசனுக்கு அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

அவர் காலமான பிறகு டேனியல் புதிதாக ஒரு ஜெபக்குழுவில் சேர்ந்தார். காப்பு ஆகாது என்று நிறுத்திவிட்டார். போன வருசம் ஆணி வெறுமனே இருந்தது. தை முடிவதற்குள் என் கரு கலைந்துபோனது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் பயம் போய்விடுமா? இப்போது மறுபடி ஆறாம் மாதம்.

இன்று போகி. காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கொத்துச் செருகிவிட்டார்கள். எங்கள் வாசலில் மட்டும் வெளுத்துப்போன நட்சத்திரம். அதையாவது இறக்கலாமென்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். வயிற்றை நினைத்து ஏறவும் பயம். எரிச்சலாக வந்தது.

பொழுது சாய டேனியல் வந்தார். தலைமுடியெல்லாம் பூளைப்பூ.

“ஏனுங்க, தலையில என்னங்க இது?”

“மொதலாளி மெஷினுக்குக் காப்புக் கட்டச் சொன்னாரு. அவரு தோட்டத்துல கெணத்துக்குக் கட்டுன பழக்கம், இப்ப நிட்டிங் மெஷினுக்கு. நாந்தான் ஒசரம்னு என்னைய ஏத்திவுட்டாங்க.”

“எல்லா மெஷினுக்குமுங்களா?”

“ஆமா, ஒண்ணு உடாம.”

“இரும்புக்குக் காவல் கட்டிப்போட்டு வந்திருக்கறீங்க. எனக்குங்க?”

அழக்கூடாது என்றுதான் இருந்தேன். அழுதுவிட்டேன்.

“அது வேலை, அன்பு...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். என் வயிற்றைப் பார்த்தார். பிறகு வெளியே போய், பத்துப் பேர் பார்க்க, பக்கத்து வீட்டில் ஒரு கொத்துக் கேட்டு வாங்கி வந்தார்.

ஸ்டூலில் ஏறினார். நட்சத்திரத்தை இறக்கவில்லை, அதன் பக்கத்திலேயே கட்டினார். கட்டி முடிக்கும்வரை வாய் ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தது.

ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்ற நான், சத்தமாகவே “ஆமென்” என்றேன்.