பட்டியலில் முதல் சொல்

கையெழுத்து நான்கே நிமிடத்தில் வந்துவிட்டது. பத்து பன்னிரண்டுக்கு அனுப்பியது பத்து பதினாறுக்குத் திரும்பிவிட்டது என்று என் மகன் காளிதாஸ் மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினான். திரையில் தெரிந்த கடிதத்தின் அடியில், கோட்டின் மேல், என் தங்கையின் பெயர் கோணல்மாணலாக இருந்தது. உண்ணாமலை. பேனாவால் எழுதியது அல்ல, கைப்பேசிக் கண்ணாடியின் மேல் விரலால் எழுதியது. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டிருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவள். ஒரு காலத்தில் அந்த விரலில் மை தடவி ரேகைதான் வைப்பாள். இப்போது மையும் இல்லை, காகிதமும் இல்லை. அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் கெங்கவல்லிப் பக்கத்தில் அவள் விரலை நகர்த்த, இங்கே என் வீட்டுக் கூடத்தில் கோடு விழுந்திருக்கிறது.

காரியம் சின்னதுதான். எங்கள் கிணற்று மோட்டாரின் மின் இணைப்பு இன்னும் என் தகப்பனார் ஆண்டியின் பெயரிலேயே இருக்கிறது. அதை என் பெயருக்கு மாற்ற, மற்ற வாரிசுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும். மற்ற வாரிசு என்று இருப்பவள் உண்ணாமலை ஒருத்தி. நானே நேரில் போய் வாங்கிவருகிறேன் என்று சொல்லி மூன்று மாதம் ஆகிவிட்டது. காளிதாஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இணையத்தில் மாதிரிப் படிவம் ஒன்றை எடுத்துப் பெயர்களை மட்டும் நிரப்பி, மற்றதை அவளே நிரப்பிக்கொள்ளட்டும் என்று அத்தைக்கு அனுப்பிவிட்டான்.

எங்கள் வீட்டில் பெண்ணாகப் பிறந்தவளிடம் கையெழுத்துக் கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. தட்டில் சேலை, வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக்கொண்டு போக வேண்டும். அவள் வீட்டில் கை நனைக்க வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் காகிதத்தை வெளியே எடுக்க வேண்டும். என் தகப்பனார் என் அத்தையிடம் அப்படித்தான் வாங்கினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போயிருக்கிறேன். அந்த முறைப்படி போக வேண்டும் என்பதால்தான் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மை அது மட்டுமல்ல.

ஒன்பது வருடத்துக்கு முன் காளிதாஸின் கல்யாணப் பத்திரிகையில், நல்வரவை விரும்பும் உறவினர் வரிசையில், உண்ணாமலையின் வீட்டுக்காரர் ரங்கன் பெயர் விட்டுப்போய்விட்டது. எண்ணூறு பத்திரிகை. அச்சாகும் முன் இரண்டு தடவை படித்துப் பார்த்தவன் நான். மாப்பிள்ளை ரங்கன் சண்டைக்கு வரவில்லை. "அச்சாபீசுத் தப்புன்னே இருக்கட்டும். உங்க அண்ணன் வந்து வாசல்ல நின்னு, மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லட்டும், போதும்" என்று தங்கையிடம் சொல்லி அனுப்பினார். தப்பு அச்சகத்தினுடையது, நான் எதற்குப் போய் நிற்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். அவர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. அதன் பிறகு அந்த வீட்டுப் பேச்சை என் காதில் போடக் கூடாது என்று சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லிவைத்தேன். நான் சொன்னால் கேட்பார்கள். கேட்டார்கள்.

காளிதாஸ் அச்செடுத்துக் கொடுத்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தேன். எந்தத் தாளையும் படிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். 'காலஞ்சென்ற ரங்கன் மனைவி உண்ணாமலை ஆகிய நான்' என்று இருந்தது.

மறுபடி படித்தேன். என் தகப்பனார் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருக்கிறது, அது சரி. மாப்பிள்ளை பெயருக்கு முன்னாலும் இருக்கிறது.

"காளிதாசு, இதென்னடா?"

அவன் எட்டிப் பார்த்தான். அவன் முகமும் மாறிவிட்டது.

"அப்பா, அது பாரம் தானாப் போட்டதாக்கூட இருக்குமுங்க. அந்த எடத்துல ஒரு பட்டியல் இருக்குது. தொட்டா விரியும். வாரிசு பாரமில்லைங்களா, அதனால 'காலஞ்சென்ற'ங்கிறதுதான் மொதல்ல நிக்குது. அதுக்குக் கீழதான் 'திரு'. அத்தை தொடாம உட்டிருந்தா மொதல் சொல்லே நின்னுக்கும்."

"தொட்டு எடுத்திருந்தா?"

"அப்பவும் அதேதாங்க நிக்கும்."

அவள் நிரப்பியது எது, படிவம் தானே போட்டது எது என்று பார்க்க முடியாதா என்று கேட்டேன். நிரப்பும்போது நீல எழுத்தில் தெரியுமாம். கையெழுத்துப் போட்டு முடித்தால் எல்லாம் ஒரே கறுப்பு ஆகிவிடுமாம்.

"உறவுக்காரங்க குரூப்புல சேதி வந்திருக்குமே?"

"போன வருசம் ஆறு மாசம் போர் போடற ரிக் வண்டியோட வடக்க இருந்தனுங்க. அப்ப வந்திருந்தாத் தெரியாது. இப்பத் தேடினா மேல போகவே மாட்டீங்குது, எல்லாம் காலை வணக்கமா இருக்குது." கைப்பேசியைக் கீழே வைத்தான். "ஒரு போன் போட்டுக் கேட்டுறலாமுங்க."

"என்னன்னு கேப்ப? உங்க ஊட்டுக்காரர் உசுரோட இருக்கறாரான்னா?"

மருமகள் சுகன்யா சமையல்கட்டு நிலையில் நின்றபடி, "வேற யாரையாச்சும் கேக்கலாமுங்களே, மாமா" என்றாள்.

"பொறந்த ஊட்டுக்காரனுக்கே தெரியலையான்னு அவங்க கேட்டா?"

"தெரியாததுக்கு நீங்க போட்ட சட்டந்தானுங்க காரணம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டில் என்னிடம் அப்படிப் பேசுகிற ஒரே ஆள் அவள்.

காளிதாஸ் சமாதானம் சொல்வதுபோல, "திங்கக்கெழமை ஆபீசுல குடுக்கோணுங்க. தப்புன்னா நானே இங்கயே திருத்திக்கறேன், ஒரு நிமிசம்" என்றான்.

"ஒரு மனுசன் செத்தானா இருக்கானாங்கிறத நீ இங்க உக்காந்து திருத்துவியா?"

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று முழுக்க அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். காளிதாஸின் கைப்பேசியில் உண்ணாமலை எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். நெற்றியைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அங்கே இருந்தது மாரியம்மன் படம். அம்மன் நெற்றி நிறையக் குங்குமம்.

மாப்பிள்ளை உயிரோடு இருந்தால் ஒரு குற்றமும் இல்லை, படிவம் செய்த பிழை என்று சிரித்துவிடலாம். இல்லையென்றால்? கணவன் போன அன்று பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போக வேண்டும். எத்தனை பகை இருந்தாலும் அந்த ஒரு சேலை போயாக வேண்டும். எங்கள் வீட்டில் பிறந்த எந்தப் பெண்ணும் கோடி வராமல் அன்றைக்கு உட்கார்ந்தது கிடையாது. உண்ணாமலை அப்படி உட்கார்ந்திருந்தாளா? சுற்றி இருந்தவர்கள் அண்ணன்காரன் எங்கே என்று கேட்டிருப்பார்கள். அவள் என்ன சொல்லியிருப்பாள்? எனக்குச் சேதி சொல்லாமல் விட்டது கோபத்தினாலா, நான் போட்ட சட்டத்தினாலா? அப்படியென்றால் நான்கு நிமிடத்தில் எதற்குக் கையெழுத்துப் போட்டாள்? ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

போக வேண்டும் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. கையில் என்ன கொண்டுபோவது என்பதுதான் தெரியவில்லை. சேலையும் பூவும் குங்குமமும் தட்டில் வைத்துக்கொண்டு போய், அவர் இல்லையென்றால் அதைவிடக் கொடுமை வேறு இல்லை. வெள்ளைச் சேலையோடு போய், அவர் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தால், நானே அவருக்குச் சாவு எடுத்துக்கொண்டு போனவன் ஆவேன்.

மறுநாள் காலை ராசிபுரம் கடைவீதியில் இறங்கினேன். முதல் கடையில் கோடி கேட்டேன்.

"யாருக்குங்க?"

"தங்கச்சிக்கு."

"அடடா. எப்பங்க நடந்துது?"

"அதுதான் தெரியலீங்க."

அவர் சேலையை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பணத்தை வைத்துவிட்டு, சேலைப் பையோடு வெளியே வந்தேன். அதே கடையில் மற்றதை வாங்க மனம் ஒப்பவில்லை. நான்கு கடை தள்ளி இன்னொன்றில் அரக்கு நிறத்தில் சரிகைக் கரை போட்ட சேலை எடுத்தேன். விற்கிற பெண், "விசேசமுங்களா தாத்தா?" என்றாள்.

"இருந்தா நல்லது, சாமி" என்றேன். அவள் சிரித்தாள். வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

இரண்டும் ஒரே மாதிரி மஞ்சள் துணிப்பைகள். ஆத்தூர் பேருந்தில் ஒன்றை மடியிலும் ஒன்றைக் காலடியிலும் வைத்துக்கொண்டேன். நாமகிரிப்பேட்டை தாண்டியதும், காலடியில் இருப்பது எது என்று சந்தேகம் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன். அரக்குச் சேலை. பதறி எடுத்து மடியில் வைத்து, மடியில் இருந்ததைக் கீழே வைத்தேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். ஆத்தூரில் மாறி, கெங்கவல்லியில் இறங்கி, ஆட்டோ பிடித்து அவள் ஊருக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை மணி. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

வீடு அதேதான். வெளிக் கம்பிக் கதவுக்கு மட்டும் புதிதாகப் பச்சை அடித்திருந்தார்கள். கொடியில் ஒரு வேட்டி காய்ந்தது, அது அவருடையதாகவும் இருக்கலாம், அவர்கள் மகனுடையதாகவும் இருக்கலாம். வேப்பமரத்தடியில் அவருடைய பழைய மொபெட் நின்றது. வெயிலுக்காகவா, ஓட்ட ஆள் இல்லாமலா, அதன்மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தது. எது எதைப் பார்த்தாலும் இரண்டு விதமாகவும் படிக்க முடிந்தது. வலது கையில் அரக்குச் சேலை. இடது கையில் வெள்ளை. கதவைத் திறக்கக் கை இல்லாமல் வெளியே நின்றேன்.

மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து உண்ணாமலை வந்தாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் முக்காடாகப் போட்டிருந்தாள். அது நெற்றிக்குக் கீழே இறங்கியிருந்தது. இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் வாசல் களத்தின் நடுவிலேயே நின்றுவிட்டாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"கையெழுத்து வந்து சேரலையாண்ணா? நேத்தே போட்டு அனுப்பிட்டனே" என்றாள். அவள் பேச்சில் அந்தப் பக்கத்துச் சாயல் ஏறியிருந்தது. கண்கள் என் வலது கைக்கும் இடது கைக்கும் போய் வந்தன. "ரெண்டு பை எதுக்கு?"

சட்டைப் பையில் தாள் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. ஒன்பது வருடமாக அந்த வார்த்தை என் தொண்டையில்தான் இருந்திருக்கிறது போலும். அவளுக்குப் பதில் சொல்லாமல், வீட்டைப் பார்த்து, தெருவே கேட்கும்படியாக, "மாப்பிள்ளைங்கோ..." என்று கூப்பிட்டேன்.

எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது. வீட்டின் நிலைக்கதவு திறந்திருந்தது. வெயிலில் நின்று பார்க்க உள்ளே ஒரே இருட்டாகத் தெரிந்தது. நிலையில் தொங்கிய பழைய சேலைத் திரை, காற்றுக்கோ எதற்கோ, ஒருமுறை உள்வாங்கி வெளியே வந்தது.

உண்ணாமலை என்னிடமிருந்து பார்வையை எடுத்தாள். எடுத்து, முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவளும் திரும்பி அந்த வாசலைப் பார்த்தாள்.