அலுமாரிக்குப் பின்னால்

பவளராணி அழுதுகொண்டேயிருக்கிறாள் என்றுதான் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் இருந்த தமிழ்ச் சனம் முழுக்க நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? அவளுடைய ஒரே தம்பி அந்தோனிதாசனை மன்னார்க் கடலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசியில் வந்தது. அதன்பிறகு யார் எப்போது அவள் வீட்டுக்குப் போனாலும் கண்கள் சிவந்து வழிந்துகொண்டிருந்தன. மூக்கைச் சிந்திச் சிந்தி நுனி தோலுரிந்துபோயிருந்தது.

"கூடப்பிறந்த பாசம், சும்மாவே?" என்றாள் மேல்மாடித் தவமணி. அடுத்தவர் துக்கத்தை அளந்து பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

உள்ளே ஒன்றுமே இல்லை என்பது பவளராணிக்கு மட்டும்தான் தெரியும். தம்பியின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். யாரோ வழிப்போக்கனின் பெயர் மாதிரி இருந்தது. நெஞ்சு மரத்துக் கிடந்தது. ஆனாலும் கண்ணாவது அழுகிறதே என்று அந்தக் கண்ணீரைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினாள்.

அவள் புருஷன் லோரன்ஸ் நல்ல மனுஷன், படுமோசமான வைத்தியன். தும்மலா, தலையிடியா, துக்கமா, எல்லாவற்றுக்கும் அவனிடம் இருந்தது ஒரே மருந்து, ஆவி. குளிர் வராதபடி ஜன்னல் இடுக்கெல்லாம் பழந்துணி அடைத்து டேப் ஒட்டியிருந்தான். கொதிக்கிற பானையைப் படுக்கையறைக்கே கொண்டுவந்து, அவளைப் போர்வையால் மூடி ஆவி பிடிக்கவைப்பான். தோய்த்த உடுப்புகளும் அதே அறையில்தான் கொடியில் தொங்கும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் ஓடும். அவள் இன்னும் தும்முவாள். அவன் இன்னொரு பானை வைப்பான்.

தம்பிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்த அன்றுதான் விஷயம் பிடிபட்டது. கோயிலில் எல்லாரும் அழுதார்கள், சைவக்காரியான தவமணிகூட. பவளராணிக்கு ஒரு தும்மல் இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வெட்கத்தில் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கட்டிலில் இருந்ததும் பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது. லோரன்ஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு டெனிஷ் தெரிந்த பாலேந்திராவைக் கூட்டிக்கொண்டு அவளை டொக்டரிடம் கொண்டுபோனான்.

"அக்கா, கண் நோகுதோ, இல்லாட்டிச் சொறியச்சொல்லிக் கடிக்குதோ எண்டு கேக்கிறார்."

"கடிக்குது."

"காய்ச்சல்?"

"இல்லை."

"மூக்காலை ஓடுறது சளியோ, தண்ணியோ?"

"தண்ணிதான்."

"வெளியிலை போனா?"

அவள் லோரன்ஸைத் திரும்பிப் பார்த்தாள். "நிண்டிடும்."

டொக்டர் அவள் கையில் வரிசையாக மருந்துத் துளிகளை விட்டு ஊசியால் குத்திப் பார்த்தார். அதில் ஒன்று மட்டும் நுளம்பு கடித்ததுபோலத் தடித்தது.

"பூஞ்சணம், அக்கா. வீட்டுக்குள்ளை எங்கையோ ஈரச் சுவர் இருக்கு, அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளேல்லை. ஆவி பிடிக்கிறதை உடனை நிப்பாட்டட்டாம்."

வீட்டுக்கு வந்து அலுமாரியை இழுத்தார்கள். பின்சுவர் இடுப்பளவுக்குக் கறுத்துக் கிடந்தது. "நானெல்லோ தண்ணி ஊத்தி வளர்த்திருக்கிறன்," என்று லோரன்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டான்.

சுவரைச் சுரண்டிக் கழுவினார்கள். டேப்பை உரித்து ஜன்னலைத் திறந்தார்கள். உடுப்புகள் நிலவறைக்குப் போயின. கொஞ்ச நாளில் தும்மல் நின்றது. கண்ணும் காய்ந்தது.

தவமணி வந்து பார்த்தாள். "தேறிட்டாய் போல. நல்லது. எவ்வளவு நாளைக்குத்தான் தம்பியை நினைச்சு அழுறது?"

அவள் போனதும் பவளராணி புருஷனைப் பார்த்தாள்.

"அது சுவராலை வந்த தண்ணியெண்டா, நான் அவனுக்காண்டி இன்னும் அழவே இல்லையேப்பா."

லோரன்ஸ் எழும்பிப் போய் ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்துவிட்டான்.

மறுநாள் வேலையால் வந்தவன் படுக்கையறைக் கதவைத் திறந்தான். ஜன்னல் பூட்டியிருந்தது. கட்டிலடியில் பானை ஆவி விட்டுக்கொண்டிருக்க, போர்வைக்குள் அவள் குனிந்திருந்தாள்.

"என்ன வேலை இது பவளம்? டொக்டர் சொன்னதெல்லோ?" போர்வையைத் தூக்கினான். அவள் முகமெல்லாம் ஈரம்.

"பாருங்கோ, அழுறனோ?"

பக்கத்தில் குந்தி, விரலால் அவள் கன்னத்தைத் துடைத்துப் பார்த்தான். வெறும் வேர்வை. கண் காய்ந்துதான் இருந்தது.

"ஓம்," என்றான். "அழுறாய்."

போர்வையை மறுபடி இழுத்து அவளை மூடிவிட்டான்.