பீரோவுக்குள் அளந்த காற்று

தம்பி அக்கா வீட்டுப் பால்கனிக்குப் போனபோது தூசிப்பெட்டியைக் காணோம். அவன் கை வைத்த இடத்திலெல்லாம் விரற்கடை உயரத்துக்குப் புழுதி. அந்தத் தெருவில் தும்மாத காக்கை கிடையாது. காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை, மாலைக்குள் காக்கியாகிப் போலீஸ் வேலைக்கே தயாராகிவிடும்.

சாலையை அகலப்படுத்துவதால் லாபமென்ன, கேடென்ன என்று கணக்குப் பார்ப்பது அவன் உத்தியோகம். அகலப்படுத்தினால் சாலை அக்காவின் படுக்கையறை ஜன்னலுக்கே வந்துவிடும். உள்ளே இளைப்புக்கார அத்தான். தூசி அளவு எகிறினால் திட்டம் படுத்துவிடும் என்றுதான், காற்றை உறிஞ்சித் தூசியைத் தாளில் பிடிக்கும் அந்தப் பெட்டியை வேண்டுமென்றே இங்கே கொண்டுவந்து வைத்திருந்தான்.

"அக்கா, பெட்டி எங்க?"

"நீ வச்சுட்டுப் போன அன்னிக்கே பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்டா. வெளிய ஒரே புழுதி! ஆபீஸ் சாமான் பாழாப்போனா உன்னைத்தானே திட்டுவாங்க?"

பெட்டி புதுப்பெண் போல மினுங்கியது. உள்ளேயிருந்த தாள் அதைவிட வெள்ளை.

கட்டிலிலிருந்து அத்தான் இருமலுக்கு நடுவே சிரித்தார். "எனக்கும் அந்தப் பீரோவுல ஒரு தட்டு ஒதுக்கியிருக்கலாம், மச்சான்."

ஆபீஸில் அந்தத் தாளைப் பார்த்த மேலதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. "மலை உச்சியில கூட இப்படிச் சுத்தமான காத்து கிடையாதுய்யா!"

"தப்பா அளந்துட்டோம் சார். மறுபடி அளக்கணும்."

"யார் வீட்ல வச்சே?"

"அக்கா வீட்ல."

அவர் சிரிப்பு நின்றது. "அக்கா வீட்லயா? இப்ப மறுபடி அளந்து தூசி ஏறினா, நீயே அள்ளிப்போட்டேம்பாங்க. வேலை போயிடும். சாலை அகலமானா வண்டிக்கு மூணு நிமிஷம் மிச்சம். ஊர் வண்டியெல்லாம் பெருக்கிப் பாரு, கோடி கோடியா லாபம்! இதுல யாரோ இருமுறதை எந்தக் கட்டத்துல போடறது?"

தம்பி அறிக்கையில் கையெழுத்துப் போட்டான்.

சாலை அகன்றது. மிச்சமான நிமிஷங்களைச் செலவழிக்கவோ என்னவோ, உலகத்து வண்டிகளெல்லாம் அங்கேதான் வந்து நின்றன. ஒருநாள் அவன் வந்த பஸ்ஸும் நின்றது, அக்காவின் ஜன்னலை உரசிக்கொண்டு. உள்ளே அத்தான் தலையணையில் சாய்ந்து, வாயைத் திறந்து, மூச்சை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற லாரி கரும்புகையைக் கக்கியது.

பஸ்ஸுக்குள் தம்பியைக் கண்டதும் அக்காவின் முகம் மலர்ந்தது. "டேய்! சாப்பிட்டியா?"

"ஜன்னலைச் சாத்துக்கா!"

ஹாரன்கள் அவன் குரலை விழுங்கின.

"என்னடா?"

"சாத்து! சாத்து!"

காதில் விழாத அக்கா, சிரித்துக்கொண்டே ஜன்னலின் இன்னொரு கதவையும் அகலத் திறந்துவைத்தாள்.