திருப்ப வேண்டாம்

பாடையின் பின்மூங்கிலைச் செவ்வந்தி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பறைச் சத்தம் சட்டென்று நின்றது. சாமைக் கொல்லை முடிகிற இடத்தில் அப்போதுதான் அப்பாவை இறக்கியிருந்தார்கள். பெண்கள் இதற்கு மேல் போகக்கூடாது.

"உடு புள்ள. தலமாடு கால்மாடு மாத்தணும்" என்றார் தங்கவேல், அவளுடைய தாய்மாமன்.

"மாத்தக் கூடாது."

வீட்டிலிருந்து கிளம்பும்போது செத்தவரின் கால் ஊர்ப் பக்கம் இருக்கும். எழுந்தால் நேராக வீட்டுக்கு நடந்துவிடலாம். அதனால்தான் பாதி வழியில் இறக்கித் திருப்புவார்கள். வீட்டு வழி மறந்துபோக வேண்டுமாம். போன வருஷம் அம்மாவைத் திருப்பியபோது அவளும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"உங்கப்பன் மாதையன் வழி தப்பிச் செத்தவன். இவன மூணு தடவ திருப்பணும். இல்லன்னா அலைவான்."

வழி தப்பி! காலையிலிருந்து வந்தவர் போனவர் எல்லோரிடமும் தம்பி மணிவேல் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"டேய் மணிவேலு, திருப்பத்தூர் டாக்டரு இன்னா சொன்னாரு? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுடா."

அவன் குனிந்து பாடைக் கயிற்றின் முடிச்சை இறுக்கினான்.

"நான் சொல்றேன். காதுக்கு உள்பக்கம் சுண்டுவிரல் அளவு ஒரு எடத்த மூளைப் படத்துல தொட்டுக் காட்டுனாரு. வழிய ஞாபகம் வச்சிக்கிற எடம் அதான், சுருங்கிப் போச்சின்னாரு. புதுத் தெரு இனிமே பதியாது, பழகுன எடம் இன்னும் கொஞ்ச நாள் நிக்கும், எடத்த மட்டும் மாத்தாதீங்கன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னாரு. கேட்டியா நீ?"

எங்கே கேட்டான்! அப்பாவுக்குக் காலையில் தின்றது மதியம் ஞாபகமில்லை. அம்மா எங்கே என்று நாளுக்குப் பத்து முறை கேட்பார். ஆனால் ஓடைக்குப் போய்விட்டு, புளியந்தோப்பைச் சுற்றிக்கொண்டு, தன் வீட்டு வாசலுக்குத் தானாக வந்துவிடுவார். பக்கத்து வீட்டில் இருந்த செவ்வந்தி களி கிண்டி எடுத்துவந்து போடுவாள். மகன் இருக்கும்போது மகள் கைச் சோறா என்று ஊரில் எவனோ கேட்டானாம். மணிவேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. மலையிறங்கி, ஒடுகத்தூரில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். இருபது நாள்கூட ஆகவில்லை, அப்பா அங்கிருந்து தனியாகக் கிளம்பிவிட்டார்.

"அங்க நாலு தெரு தாண்ட அவருக்குத் தெரியலக்கா" என்றான் மணிவேல். "வூடு எங்கன்னு டீக்கடையில கேட்டாங்களாம். மலையக் காட்டுனாராம். சிரிச்சிட்டு உட்டுட்டாங்க."

"எங்க கெடந்தாரு?"

"அடிவாரத்துல. கடலக் கொல்லையில."

"தல எந்தப் பக்கம்?"

அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். "மலையப் பாத்து."

"அப்புறம் எவன்டா சொன்னான் வழி தப்புச்சின்னு? அந்த வெயில்ல, செருப்புகூட இல்லாம, வூட்டுக்கு வந்துட்டு இருந்தாருடா எங்கப்பா! நீ பாதியில சாகடிச்ச. இப்ப இவங்க பாதியில திருப்புறாங்க."

"பொணத்த வச்சிக்கிட்டு இன்னா பேச்சு இது?" மாமா அதட்டினார். "திருப்பலன்னா திரும்பி வந்துருவான்."

"வரட்டுமே. அவரு வூடு."

மாமா மணிவேல் பக்கம் திரும்பினார். "நீதான் புள்ள. நீ சொல்லு."

மணிவேல் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்மூங்கிலுக்குப் போய்க் குனிந்தான். "இப்படியே தூக்குங்க."

"வழக்கத்த மாத்துறீங்கடா" என்று முணுமுணுத்தபடி மாமா விலகி நின்றார்.

செவ்வந்தி கையை எடுத்தாள். தூக்கிய பிறகு மணிவேல் ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த அந்த இரண்டு பாதங்களும் ஊர்ப் பக்கம் நீட்டியபடியே இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தன.