பதினெட்டுப் பிஞ்சு

“இந்த ஒரு நகத்த வெட்டிப் போடட்டுங்களா?” என்று மழித்துக்கொண்டிருந்தவர் கேட்டார். மயில்சாமியின் வலது கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்திருந்தார். மற்ற நகங்களெல்லாம் ஒட்ட வெட்டியிருக்க, அது மட்டும் நீண்டு பழுப்பேறி இருந்தது.

“வேண்டாமுங்க. அது வேலைக்கு வெச்சிருந்த நகமுங்க” என்றாள் அன்புக்கரசி.

பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் இருபத்தேழு வருடம், இரண்டு ரகங்களைக் கலக்கும் கிராசிங் வேலை பார்த்தவர் அவளுடைய அப்பா. மறுநாள் மலரப்போகும் மொக்கை முந்தின சாயங்காலமே பிடித்து, அடியில் நகத்தால் சுற்றிக் கீறி, இதழோடு மகரந்தத்தையும் உருவிவிட வேண்டும். நடுவில் இருக்கும் சூல்தண்டில் கீறல் படக்கூடாது. காகிதப் பை மாட்டிவிட்டு, காலையில் வேறொரு ரகத்தின் பூவைக் கொண்டுவந்து அதில் தடவ வேண்டும். நெஞ்சிழுப்பு முற்றி எட்டு மாதமாகப் பண்ணைப் பக்கமே போகவில்லை, நகத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

விடியற்காலை ஐந்தரைக்கு உயிர் போனது. ஒரு மாதமாக உட்கார்ந்தபடியே தூங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் மல்லாடியவர் கடைசியில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அம்மா மாசாணியம்மாள் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்புக்கரசி அம்மாவை எழுப்பவில்லை. அவளுக்கும் ‘அப்பாடா’ என்றுதான் இருந்தது. அதை வெளியில் சொன்னால் ஊர் வாயில் போட்டு மென்றுவிடும்.

ஆனால் அவளுக்கு இன்னொரு பாரம் இருந்தது. அது இறங்கவில்லை.

போன வருடம், தொண்ணூற்றைந்து கார்த்திகையில், அப்பாவை முதல் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவருடைய வரிசையை, அதே பண்ணையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அன்புக்கரசிதான் பார்த்தாள். விஞ்ஞானி வரதராஜுலு சார் மூன்று வருடத்துக்குத் திட்டம் போட்டிருந்த கலப்பு அது. தாய்ச்செடி வெள்ளைப் பூக்காரி. காய்த்துத் தள்ளுவாள், பஞ்சு கட்டை. தகப்பன்செடிக்கு மஞ்சள் பூ, இதழின் அடியில் சிவப்புப் பொட்டு. பஞ்சு பட்டு மாதிரி நீளம், காய்தான் நாலோ அஞ்சோ. “ஆத்தாளாட்டக் காய்க்கோணும், அப்பனாட்ட நூல் எறங்கோணும், அதானுங்க சாரோட கணக்கு” என்று அப்பா சிரிப்பார். எந்தக் குணம் எப்படி இறங்குகிறது என்று பேரன் பேத்தி வரைக்கும் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள். முதல் தலைமுறையில் கலப்பில்லாத செடி ஒன்று நுழைந்துவிட்டால் அத்தனையும் பொய்க்கணக்கு.

ஒரு சாயங்காலம் பதினெட்டு மொக்கு பாக்கி இருக்கையில், ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஆள் வந்தது. உரித்ததாகச் சொல்லி நோட்டில் எண்ணிக்கையை எழுதவைத்து, வெறும் பையை மாட்டிவிட்டு ஓடினாள். காலையில் பையைத் திறந்தால் பதினெட்டும் வெள்ளையாக மலர்ந்து, சொந்த மகரந்தத்தைச் சிந்தியிருந்தன. நோட்டில் எழுதியது எழுதியதுதான். இதழைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மஞ்சள் பூவைத் தடவினாள். அடுத்த வாரம் அவளை வேறு வயலுக்கு மாற்றினார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த விதைதான் இந்த ஆவணியில் விழுந்திருந்தது. கலந்த செடியென்றால் தகப்பனைப் போல மஞ்சள் பூத்துப் பொட்டு வைக்கும். கலக்காதது வெள்ளையாகப் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பூ விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நேற்று அப்பா கேட்டார். “நம்ம வரிசைல பூ வந்துருச்சா, கண்ணு?”

“இன்னும் இல்லீங்கப்பா.”

அவரிடம் கடைசியாகச் சொன்னதே பொய்யாகிப்போனது.

பதினோரு மணிக்கு வரதராஜுலு சார் மாலையோடு வந்தார். அவரைக் கண்டதும் அன்புக்கரசி சுவரோரமாக ஒதுங்கினாள். சார் மாலையைப் போட்டு, சற்று நேரம் நின்றுவிட்டு அவளிடம் வந்தார்.

“காலைல வரிசையப் பாத்துட்டுத்தாம்மா வாரேன். மொத்தம் நாப்பத்திரண்டு செடி.”

“சார்... நானுங்க...”

“அத்தனையும் மஞ்சள். ஒண்ணுகூட வெள்ளை இல்லை. இன்னைக்கு வந்து அவருகிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அதெப்படிங்க சார்?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போன வருசம் ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னைக்கே உங்கப்பா நேரா வயலுக்குத்தான் போனாரு. பதினெட்டுப் பிஞ்சக் கிள்ளிக் கொண்டாந்து என் மேசைல வெச்சாரு. எதுலயும் அடியில நகம் பட்ட வடு இல்லை. ‘பொழுது எறங்கிருச்சுங்க சார், உரிக்காம உட்டுப்போட்டேன், என்ற தப்புங்க’ன்னாரு. நோட்டுல இருந்த அந்தத் தேதில அவரு ஆஸ்பத்திரிலதான் படுத்திருந்தாரு, எனக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் கேட்டுக்கலை. நோட்டுல அடிச்சுட்டு எண்ணிக்கையத் திருத்தி எழுதினேன்.”

அன்புக்கரசி வாயைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை. துக்கத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரங்கம்மாள் “பெத்த பாசமல்லோ” என்று அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்தது கரைந்து போய்க்கொண்டிருந்தது. பாவி மனுசன், ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று கோபமும் வந்தது.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். தம்பி கௌதமன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டதும் அன்புக்கரசி ஈரமுடியை அள்ளி முடிந்தாள்.

“அம்மா, பண்ணை வரைக்கும் போயிட்டு வாரனுங்க.”

“எழவு ஊட்டுக்காரி பயிருல கால் வெக்கலாமா?” என்றாள் ரங்கம்மாள்.

மாசாணியம்மாள் மகளின் முகத்தையே பார்த்தாள். பிறகு ரங்கம்மாள் பக்கம் திரும்பினாள். “அது அந்தாளு பயிருதானுங்க. நீ போ கண்ணு. வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துரு.”

வானம் மூடியிருந்தது, மழை இறங்கவில்லை. சார் சொன்னதை நம்பாமலில்லை, கண்ணால் பார்த்துவிட வேண்டும். வரிசையின் தலைமாட்டிலிருந்து ஒவ்வொரு செடியாக இலையை விலக்கிப் போனாள். முதல் செடியில் மஞ்சள், பொட்டு. அடுத்ததிலும். சிலது சாயங்காலத்துக்குச் சிவக்கத் தொடங்கியிருந்தது, அதையும் விரித்துப் பார்த்தாள். முப்பது, முப்பத்தொன்று. நாற்பத்திரண்டாவது செடி கடைசி வரப்போரம் தனியாக நின்றது. அதில் இரண்டு பூ, இரண்டும் மஞ்சள்.

பக்கத்துப் பாத்தியில் மொக்கு உரித்துக்கொண்டிருந்த பழனாத்தாள் அவளைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தினாள். எல்லாம் முடிந்ததா என்றோ, ஏன் வந்தாய் என்றோ கேட்கவில்லை.

“ஏதாச்சும் தின்னியா அம்மணி?”

அப்போதுதான் அன்புக்கரசிக்குப் பசித்தது. நேற்று மத்தியானம் சாப்பிட்டது.

“இல்லீங்கக்கா.”

பழனாத்தாள் மரத்தடியிலிருந்து தூக்குப்போசியை எடுத்துவந்து மூடியைத் திறந்து கொடுத்தாள். புளிச்சோறு, ஓரத்தில் கொஞ்சம் கொள்ளுத் துவையல். அன்புக்கரசி வரப்பிலேயே உட்கார்ந்து, கையைக்கூடக் கழுவாமல், போசியின் அடிவரை வழித்துத் தின்றாள்.